போறணையும் ரொட்டித் தட்டும்

மலைநாட்டு வீடுகளில் தீர்ப்பு எழுதப்படாத வழக்கு ஒன்று உண்டு. கடையில் வாங்கும் பாண் சுவையா, வீட்டில் சுடும் ரொட்டி சுவையா என்பதே அவ்வழக்கு. பிள்ளைகள் பாணின் பக்கம் நிற்பார்கள். அது மிருதுவானது, பட்டணத்துப் பண்டம், பள்ளிக்கூடப் பையில் கொண்டுபோனால் மற்றப் பிள்ளைகளின் முன்னே எடுத்துத் தின்னக் கூச்சமில்லை. தகப்பன் ரொட்டியின் பக்கம் நிற்பான். அது வயிற்றில் நிற்கும் என்பது அவன் வாதம். தாயை மட்டும் எவரும் கேட்பதில்லை. மாவைப் பிசைபவள் அவள். கோழி கூவுமுன் எழுந்து ஈர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பை மூட்டுபவளும் அவளே. அவள் சாட்சியத்தையும் கேட்டால் வழக்கின் போக்கு வேறாகிவிடும்.

தலவாக்கலை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், கொத்மலை ஓயாவின் கரையில் அமைந்த சிறு பட்டணம். ஒருபுறம் ஹட்டன், மறுபுறம் நானுஓயா. இரண்டுக்கும் இடையே மலையை வளைத்து வளைத்து ஏறும் புகையிரதப் பாதை. சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால், கையில் இருப்பது இலங்கையின் படமா, பிரித்தானியாவின் படமா என்னும் மயக்கம் உண்டாகும். ஹோலிரூட், டெவன், சென் கிளேயர், கிரேட் வெஸ்டர்ன், சென் கூம்ஸ். கடைசியாகச் சொன்ன தோட்டத்திலேதான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்பெயர்களைச் சூட்டிய துரைமார் தங்கள் நாட்டு ஊர்களையும் கோட்டங்களையும் மட்டும் நினைவில் சுமந்து வரவில்லை. தங்கள் காலைப் பலகாரத்தையும் மாலைத் தேநீர்ப் பலகாரத்தையும் நினைவில் சுமந்தே வந்தார்கள். அவற்றுள் ஒன்று மஃபின்.

மஃபின் என்றதும், இக்காலக் கடைகளில் காகிதக் கிண்ணத்தோடு விற்கும் இனிப்புக் கேக்கை நேயர்கள் எண்ணலாகாது. அது அமெரிக்கர் வழக்கு. ஆங்கிலேயரின் பழைய மஃபின், உள்ளங்கை அகலமுள்ள வட்ட ரொட்டி. ஈஸ்ட் இட்டுப் பொங்க வைத்த இளகிய மாவைச் சூடேறிய இரும்புத் தட்டில் இட்டு, இருபுறமும் திருப்பிச் சுட்டெடுப்பார்கள். ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் 1747இல் இங்கிலாந்தில் வெளியிட்ட சமையல் நூலில் அதன் செய்முறை இருக்கிறது. மஃபினைக் கத்தியால் அரியக் கூடாது, கையாற் பிளக்க வேண்டும், கத்தி பட்டால் அது ஈயம்போற் கனத்துவிடும் என்று அவ்வம்மையார் எச்சரிக்கிறார். எச்சரிக்கையில் சற்று மிகை உண்டு. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. கையாற் பிளந்த மஃபினின் உட்புறம் மேடும் பள்ளமுமாக இருக்கும். நெருப்பில் வாட்டும்போது மேடு முறுகும். பள்ளம் வெண்ணெயை ஏந்திக்கொள்ளும். கத்தி வெட்டிய வழவழப்பான முகத்தில் அந்த மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மஃபினின் சுவை முழுவதும் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மஃபின் போறணையில் வெந்த பண்டமன்று, தட்டில் வெந்த பண்டம். போறணை என்பது செங்கல்லும் இடமும் நிறைய விறகும் வேண்டுவது. ஊரில் வசதியுள்ளவன் கட்டுவான்; அல்லது ஒருவன் கட்டி, சுட்டு, மற்றவர்களுக்கு விற்பான். பழைய இங்கிலாந்தின் குடிசைகள் பலவற்றில் போறணை கிடையாது. அடுப்பு இருந்தது, அடுப்பின்மேல் வைக்க ஓர் இரும்புத் தட்டு இருந்தது. மஃபின், கிரம்பெட் முதலிய தட்டு ரொட்டிகள் அத்தகைய அடுப்புகளுக்கு ஏற்றவை. ஆகவே துரையின் வெள்ளிப் பாத்திரத்தில், துணி போர்த்து, மேசைக்கு வந்த மஃபினும், அதே மலையின் சரிவில் லயத்துக் காம்பராவின் அடுப்பில் வெந்த ரொட்டியும் பிறப்பால் உறவினர். இரண்டும் போறணை இல்லாதவர்களின் அடுப்புக்கு உரியவை. ஒன்று பங்களா ஏறியது. மற்றொன்று லயத்திலேயே தங்கிவிட்டது. இந்த உறவைத் துரையும் அறிந்திருக்க மாட்டார்; தொழிலாளியும் அறிந்திருக்க மாட்டான். பங்களாச் சமையலறையில் நின்ற அப்பு ஒருவேளை அறிந்திருக்கலாம். பகலில் துரைசானி சொன்னபடி ஒன்றையும், இரவில் தன் வீட்டில் மற்றொன்றையும் சுட்டவர் அல்லவா அவர்.

பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் தந்தது. 1505இல் இத்தீவில் கால் வைத்த அவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கரையோரத்தை இழந்து போனார்கள். ஆனால் பாணும், அதைச் சுடும் போறணையின் பெயரும் போகவில்லை. பிறகு வந்த ஆங்கிலேயர் தங்கள் சொல்லைச் சொல்லிப் பார்த்தும், இலங்கைத் தமிழரும் சிங்களவரும் பாண் என்றே சொல்லிவருகிறார்கள். அக்காலத்தில் ஈஸ்ட் எளிதிற் கிடைக்கவில்லை. பாண் சுடுபவர்கள் கள்ளை ஊற்றி மாவைப் பொங்க வைத்தார்கள். அப்பத்துக்குக் கள் வார்ப்பது இந்நாட்டில் பழகிய கை. அந்தக் கையே பாணுக்கும் உதவிற்று.

எனினும் பாண் கரையோரத்துக்கும் பட்டணத்துக்கும் உரிய பண்டமாகவே வெகுகாலம் இருந்தது. தோட்டத்துத் தமிழ் மக்கள் சோறு உண்ண வந்தவர்கள். தமிழ்நாட்டில் பஞ்சம் பிழைக்க வழியின்றிக் கடல் கடந்தவர்களுக்கு, அரிசி கிடைக்கும் என்ற வாக்குறுதியே பெரிய வாக்குறுதி. முதலில் கோப்பித் தோட்டங்கள். 1869இல் தோன்றிய இலைத் துருநோய் கோப்பியை அழித்த பின் தேயிலை. தோட்ட நிர்வாகமே அரிசியை வரவழைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டு, விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியபோது, கீழிறங்கும் வண்டியில் தேயிலைப் பெட்டியும் மேலேறும் வண்டியில் அரிசி மூட்டையும் சென்றன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்திலும் நிர்ணய விலையில் அரிசி வழங்குவது சேர்ந்தே இருந்தது. சம்பளம் என்றால் பாதி காசு, பாதி அரிசி என்று மக்கள் எண்ணிய காலம் அது.

அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அன்றும் விளையவில்லை, இன்றும் விளையவில்லை. எங்கோ ஒரு கண்டத்தில் விளைந்து, கப்பலேறி வரும் தானியம் அது. அந்த மாவைப் பார்த்த முதல் தலைமுறைப் பெண்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். களி கிண்டினால் பசைபோல் ஒட்டும். புட்டவித்தால் கட்டி தட்டும். ரொட்டி சுட்டால் மட்டுமே அது வாய்க்கு வழிவிட்டது. போர் முடிந்து அரிசி திரும்பிய பின்னும் மா போகவில்லை. போர்க்காலத்துப் பதிலி, சமாதான காலத்து உணவாயிற்று. இன்றும் நாட்டின் நகர்ப்புறத்தையும் கிராமப்புறத்தையும்விடத் தோட்டப்புறத்தில்தான் தலைக்கு அதிகமான கோதுமை மா செலவாகிறது என்பதைக் குடிசனச் செலவுக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

ஒரு மக்கட் கூட்டத்தின் முதன்மை உணவு இவ்வாறு மாறியபோது, அதைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல இடம் இருந்ததா என்ற கேள்வி இங்கே எழும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் தோட்டத்திலே பிறந்தவர், கவிஞர், லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1952இல் அடுத்த தேர்தல் வந்தபோது அவருக்கு வாக்களித்தவர்களில் மிகப் பலருக்கு வாக்கே இல்லை. அரிசி விலை, மாவின் விலை, பங்கீட்டு அளவு ஆகியவற்றை நாடாளுமன்றம் விவாதித்த பல ஆண்டுகளில், அந்த மாவை மிகுதியாக உண்டவர்களின் குரல் அங்கே ஒலிக்கவில்லை. நாடற்றவர்களாய் எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

1973, 1974ஆம் ஆண்டுகளை மலையகத்து முதியோர் இன்றும் மறக்கவில்லை. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரிசிப் பங்கீடு சுருங்கியது. மா கிடைப்பது அரிதாயிற்று. பாணுக்கு விடியுமுன்பே வரிசை நின்றது. கிராமத்தானுக்குக் கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது, ஈரப்பலா இருந்தது, மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்தில் இருப்பவனுக்குக் காம்பராவும் வாசலும் மட்டுமே. அவ்வாண்டுகளில் தோட்டப்புறத்து இறப்பு வீதம் நாட்டின் சராசரியை வெகுவாக மிஞ்சியது. ரொட்டியைப் பற்றிப் பேசும்போது முதியவர்களின் குரல் சட்டென்று தணிந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. இளையோர் அதைச் சுவையின்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இனி ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர், இவ்வளவே சரக்கு. தேங்காய் விலை ஏறிய வாரத்தில் துருவல் குறையும். மாதக் கடைசியில் இல்லாமலும் போகும். மாவைக் குவித்து, நடுவே குழி செய்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். ஐந்து நிமிடம் பிசைந்தால் ரொட்டி முரடாக இருக்கும். பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணி மூடி, சற்றுநேரம் விட்டுவைத்தால் பணிவாக இருக்கும். தண்ணீர் பட்ட மாவில் பசைச்சத்து நூல் நூலாய் எழுந்து, பிசையப் பிசையப் பின்னிக்கொள்கிறது; ஓய்வு கொடுத்தால் அந்தப் பின்னல் தளர்ந்து இழுபட இணங்குகிறது. கைப்பிடி உருண்டை எடுத்து, விரல்களால் தட்டி, தட்டில் இட்டுத் திருப்பினால், தேங்காயின் எண்ணெய் கசிந்து அங்கங்கே பொன்னிறப் பொட்டுகள் விழும். காய்ந்த மிளகாயும் உப்பும் வெங்காயமும் சேர்த்து அரைத்த கட்டச் சம்பல் ஒரு சிட்டிகை. சீனி போட்டோ போடாமலோ சாயத்தண்ணி ஒரு கோப்பை. உலகத்துக்கே பால் தேநீர் கொடுக்கும் மலையில், தோட்டத்து மக்களின் வழக்கம் பெரும்பாலும் வெறுஞ்சாயமே.

இந்த ரொட்டியின் பெருமை, அது ஆறினாலும் கெடாது என்பதில் இருக்கிறது. காலை ஏழு மணியளவில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறும் கொழுந்துக்காரி, துணியில் முடிந்த இரண்டு ரொட்டியோடுதான் ஏறுகிறாள். மழை பெய்தாலும் அது நனைந்து கரைவதில்லை. பாண் அப்படியன்று, கூடையின் அடியில் நசுங்கிப் பஞ்சாகிவிடும். அடர்ந்த ரொட்டி மெதுவாகச் செரிக்கும். செங்குத்தான சரிவில் நின்று பறிப்பவளுக்கு அந்த மெதுவே வேண்டும். இவ்வாறு பார்த்தால் தகப்பன் தரப்பு வென்றுவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. இலங்கையில் பாணின் எடை 450 கிராம். நாடு மீற்றர் முறைக்கு மாறி நெடுநாள் ஆகியும், கடைக்குப் போகிறவர்கள் ஓர் இறாத்தல் பாண், அரை இறாத்தல் பாண் என்றே கேட்கிறார்கள். ஒரு கிலோ மாவிலிருந்து, தண்ணீரும் சேர்ந்து, வேகும்போது ஆவியாகும் நீர் போக, ஏறத்தாழ மூன்று இறாத்தல் பாண் கிடைக்கும். ஒரு கிலோ மாவின் விலையையும் மூன்று இறாத்தல் பாணின் விலையையும் ஒப்பிட்டால் மா வாங்குவதே மலிவு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வெதுப்பகத்தில் ஒருவன் இரவு முழுவதும் விழித்ததற்கும், அவன் எரித்த விறகுக்கும் அது கூலி. வீட்டிலும் ஒருத்தி விடியுமுன் விழிக்கிறாள். அவளும் விறகு எரிக்கிறாள். அந்த விறகையும் அவளே முதல் நாள் மாலை சுமந்து வந்திருக்கிறாள். அவளுடைய உழைப்புக்கு மட்டும் விலை போடாமல் விட்டால்தான் ரொட்டி மலிவு. தாயின் சாட்சியம் இதுதான். பாண் வாங்கிய நாளில் அவளுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது. பாணின் சுவை என்று அவள் சொல்வது, உண்மையில் அந்தத் தூக்கத்தின் சுவை.

கடைத்தெரு வெதுப்பகங்களின் உழைப்பும் இலேசானதன்று. தலவாக்கலைக் குளிரில் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும். கொழும்பில் விரைவாக உப்பும் மா இங்கே அதைவிட நெடுநேரம் எடுக்கும். அவசரப்படுத்த வேண்டுமானால் பிசைந்த மாவைப் போறணையின் வெதுவெதுப்பில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆனால் மெதுவாக உப்பிய மாவுக்கு ஒரு நன்மை உண்டு. நேரம் நீள நீள அதில் இலேசான புளிப்பும் மணமும் ஊறுகின்றன. மலையூர்ப் பாணுக்குத் தனி மணம் உண்டென்று சிலர் சொல்வது வீண் பெருமையாகத் தோன்றவில்லை. பாணிலும் வகை உண்டு. உயர்ந்து நிற்கும் அச்சுப் பாண். தட்டையாய், இருபுறமும் முறுகி, கறிக்கும் சம்பலுக்கும் ஏற்ற ரோஸ் பாண். மேலே சீனி தூவி முதலை போல் நீண்ட கிம்புலா பணிஸ். இவற்றில் ரோஸ் பாணே ரொட்டிக்காரர்களின் மனத்தைச் சற்று அசைப்பது. அதில் முறுகல் மிகுதி.

மஃபின்காரன் லண்டன் தெருக்களில், தலையில் தட்டைச் சுமந்து, கையில் மணியை ஆட்டி வந்தான் என்று படிக்கிறோம். தலவாக்கலையில் அந்த மணி இல்லை. அதைவிட விந்தையான ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டி பொருத்திய முச்சக்கர வண்டி ஒன்று, ஒலிபெருக்கியில் பியானோ இசை ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறி வருகிறது. அதற்குச் சூன் பாண் என்று பெயர். அந்த இசை ஜெர்மானிய மேதை பீத்தோவன் 1810இல் இயற்றியது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், 1867இல் முதன்முதலாக அச்சேறியது. அந்த 1867ஆம் ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், தேயிலைச் செடிகளின் நடுவே அந்த இசை கேட்டதும் லயத்து வாசல்களிலிருந்து பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டவை என்பதை எண்ணிச் சற்றே புன்னகை செய்யலாம்.

2022ஆம் ஆண்டில் அந்த இசை பல பாதைகளில் நின்றுபோனது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, எரிபொருள் இல்லை, உக்ரேன் போரினால் உலகக் கோதுமை விலை ஏறியது, ரூபாய் சரிந்தது. பாணின் விலை முந்திய ஆண்டின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேலாயிற்று. நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அந்த ஆயிரம் ரூபாயின் பெறுமதி ஓராண்டுக்குள் கரைந்தது. மாவின் விலை பாணோடு சேர்ந்தே ஏறியதால் ரொட்டியும் அடைக்கலம் தரவில்லை. மூன்று ரொட்டி இரண்டாயிற்று, தேங்காய் விழுந்தது, சம்பல் மட்டும் காரமாய் நின்றது.

வெள்ளை மாவும் உப்பும் மிளகாயும் வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்கா. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அத்தொகை நூற்றுக்கு 32. இதற்குக் காரணங்கள் பல. ரொட்டி மேல் மட்டும் பழி போடுவது நியாயமன்று. ஆனால் ரொட்டியோடு பருப்போ முட்டையோ கீரையோ சேர்கிறதா என்பதே அந்த இரு தொகைகளுக்கும் நடுவே நிற்கும் கேள்விகளில் ஒன்று. மாவில் பங்குக்குக் குரக்கன் கலந்து சுடும் வீடுகள் உண்டு. நிறம் கறுக்கும், பிள்ளைகள் முகஞ்சுளிப்பார்கள், சத்துக் கூடும்.

இந்த வழக்கில் சமரசம் பேச வரும் பண்டம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த சாமுவேல் பாத் தாமஸ் என்பவர் 1874இல் அமெரிக்கா சென்று, 1880இல் நியூயோர்க்கில் வெதுப்பகம் திறந்து, தட்டில் சுட்ட மஃபினை விற்றார். அமெரிக்கர் அதற்கு ஆங்கில மஃபின் என்று பெயரிட்டார்கள். ஒவ்வொன்றாய்த் தட்டில் இட்டுத் திருப்ப நேரமில்லாத இல்லத்தரசிகள் பின்னர் ஒரு வழி கண்டார்கள். அதே இளகிய மாவை ஒரு தகர அச்சில் ஊற்றி, முழுப் பாணாகச் சுட்டார்கள்; துண்டு துண்டாய் அரிந்து வாட்டினால் மஃபினின் பள்ளமும் முறுகலும் அப்படியே வந்தன. அதுவே ஆங்கில மஃபின் பாண். அந்நாட்டிலும் கடையில் வாங்குவோர் ஒரு கட்சி, வீட்டில் சுடுவோர் ஒரு கட்சி. வழக்கு மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று.

அதன் சிறப்பு, பிசைய வேண்டியதில்லை என்பது. அரைக் கிலோ கோதுமை மா, உலர்ந்த ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, அப்பச் சோடா கால் தேக்கரண்டி. இவற்றோடு பாலும் நீரும் கலந்து, கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 400 மில்லிலீற்றர். அகப்பையால் இரண்டு மூன்று நிமிடம் கலக்கினால் போதும். மா கையில் உருட்ட முடியாத அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். அந்தத் தளர்ச்சியினாலேயே ஈஸ்ட் விடும் வாயு பெரிய பெரிய குமிழிகளாய்ச் சேர்ந்து பள்ளங்களை உண்டாக்குகிறது. சோடா அக்குமிழிகளுக்குத் துணை நிற்கிறது. அச்சுக்கு எண்ணெய் பூசி, உட்புறம் எங்கும் சோளக் குறுநொய் தூவ வேண்டும். அது கிடைக்காவிட்டால் ரவை ஒன்றும் குறையில்லை. மாவை அச்சில் பாதிக்குச் சற்று மேல் வார்த்து மூடி வைத்தால், சமதரையில் முக்கால் மணி நேரத்தில் விளிம்பைத் தொடும். தலவாக்கலையில் அதற்கு ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். அடுப்புத் திண்ணையில் வைத்தால் சீக்கிரம் எழும்.

மின் அவன் உள்ள வீட்டில் 200 பாகை வெப்பத்தில் இருபத்தைந்து நிமிடம். அவன் இல்லாத வீட்டிலும் வழி இருக்கிறது. கனத்த சட்டியின் அடியில் மணல் பரப்பி, நன்றாகச் சூடேற்றி, அதன்மேல் அச்சை வைத்து மூடி, மூடியின்மேலும் தணல் இட்டால், கிறிஸ்மஸ் காலத்தில் கேக் சுடும் அதே முறையில் வேகும். நேரம் மட்டும் கூடும். தட்டினால் வெற்றுப்பெட்டி போல் ஓசை வந்தால் வெந்துவிட்டது. சூட்டோடு அரிந்தால் உள்ளே பசையாய் ஒட்டும். முற்றும் ஆற விட வேண்டும். ஆகவே இது விடிகாலை வேலையன்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சம்பளத்துக்கு வெளியே கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தில், மாவை வார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். திங்கட்கிழமை காலையில் பிசைதல் இல்லை, தட்டுதல் இல்லை. துண்டுகளை ரொட்டித் தட்டில் இருபுறமும் வாட்ட ஐந்து நிமிடம் போதும். வெண்ணெய் இருந்தால் நல்லது. கட்டச் சம்பல் இருந்தால், பள்ளங்களில் அது போய்ப் படிவதை வெண்ணெய் பூசும் நாட்டவர்கள் அறியமாட்டார்கள்.